ஆரல்வாய்மொழி தாண்டிய அச்சுக்கூடம்

ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு இடைவெளிக்குள் மூன்று பேர் இன்றைய குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் பிறந்தார்கள். 1907 ஆகஸ்ட் 21இல் பூதப்பாண்டியில் ஜீவா. 1908 அக்டோபர் 2இல் நாகர்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் டி.வி. ராமசுப்பையர். அதே ஆண்டு நவம்பர் 29இல் ஒழுகினசேரியில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். மூவரும் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாகப் பிறந்தவர்கள். மூவருடைய பெயரும் ஊரைவிட்டு வெளியே போய்த்தான் பெரிதாயிற்று. ஜீவாவை மேடையும் 'ஜனசக்தி'யும் நாடறியச் செய்தன, கலைவாணரைத் திரை. ராமசுப்பையர் தொடங்கியது 'தினமலர்'.

ஜீவாவைப் பற்றியும் கலைவாணரைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். டி.வி.ஆர். என்று அழைக்கப்படும் ராமசுப்பையரைப் பற்றிக் கேட்டால், அவர் தொடங்கிய பேப்பரைக் கையில் விரித்து வைத்திருப்பவர்கூட ஒரு வரிக்குமேல் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. குமரி மாவட்டத்துச் சாதாரண மனிதனின் அன்றாடத்தை இந்த மூவரில் அதிகமாகத் தொட்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன். ஜீவாவின் பேச்சைக் கேட்கக் கூட்டத்துக்குப் போக வேண்டும், கலைவாணரைப் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். பேப்பர் அப்படியில்லை. அது விடியும் முன்னே சாயாக்கடை பெஞ்சுக்கு வந்து கிடக்கும். அதில் நம் ஊர்ப் பெயர் இருக்கும்.

நம் ஊர்ப் பெயர் பேப்பரில் இருப்பது இன்று யாருக்கும் பெரிய விஷயமில்லை. 1951இல் அப்படி இல்லை. அன்றைய நிலையைக் கொஞ்சம் சொல்லாமல் இவர் செய்த காரியத்தின் கனம் விளங்காது.

திருவிதாங்கூர் அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் இருந்த உறவு நல்ல உறவல்ல. திவானைத் தாக்கி எழுதியதற்காக 'ஸ்வதேசாபிமானி' ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளையை 1910 செப்டம்பர் 26இல் கைது செய்து, அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆளை நாடு கடத்தினார்கள். கொண்டுபோய் விட்ட எல்லை எது தெரியுமா? நம் ஆரல்வாய்மொழிதான். அந்தக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குள் விடப்பட்டவர் பிறகு திருவிதாங்கூருக்குத் திரும்பவே இல்லை. 1916இல் கண்ணூரில் இறந்துபோனார். அந்தப் பத்திரிகையின் உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. தம் ஆசிரியருக்காக அச்சகத்தையே இழந்தார் அவர். பத்திரிகை நடத்தியவர்களில் நான் மிகவும் மதிக்கும் மனிதர்களில் ஒருவர். பிறகு 1938இல், சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 'மலையாள மனோரமா'வை மூடி அதன் ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளையைச் சிறையில் வைத்தார்கள். 1947இல்தான் அது மறுபடி வெளிவந்தது.

இவை இரண்டும் மலையாளப் பத்திரிகைகள். அதே நாட்டில் தமிழருக்கென்று நிலைத்து நின்ற தினசரி எதுவும் இல்லை. அச்சுக்கோ எழுத்துக்கோ நாஞ்சில் நாட்டில் பஞ்சமில்லை. சார்லஸ் மீட் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் நாகர்கோவிலில் அச்சகம் வைத்தது 1820களின் தொடக்கத்தில். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் மருமக்கள்வழிச் சொத்துரிமையைத் தேரூர்க் கவிமணி சாடி எழுதிய பாட்டு 1917–18இல் 'தமிழன்' என்ற இதழில் தொடராக வந்து, வீட்டுத் திண்ணைகளில் சண்டை மூட்டி, கடைசியில் 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு அந்த முறையை ஒழித்துச் சட்டம் வருவதற்கு வழிசெய்த காரியங்களில் ஒன்றாக நின்றது. அச்சில் வந்தால் அரசு அசையும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தினந்தோறும் அச்சில் வருவதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் புதிய மாநிலத்தின் விளிம்பில் கிடந்தன. சர்க்கார் கச்சேரியில் மலையாளம், மனு எழுதவும் மலையாளம். திருவிதாங்கூரின் சொந்தத் தபாலான 'அஞ்சல்' 1951 ஏப்ரலில் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதுவரை எங்கள் ஊர்களுக்குத் தபால்பெட்டிகூட வேறு. மதராஸிலும் மதுரையிலும் அச்சான தமிழ்ப் பேப்பர்கள் வந்தன. அவற்றில் உலகம் இருந்தது, டெல்லி இருந்தது, சென்னை சட்டசபை இருந்தது. கல்குளம் இல்லை. மதராஸ் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு நாங்கள் வேற்று மாநிலம். திருவனந்தபுரத்து மலையாளப் பேப்பருக்கு நாங்கள் தொல்லை கொடுக்கும் தென்பகுதி. இரண்டு பக்கமும் எங்களைத் தன் வாசகனாக எண்ணவில்லை.

இந்த இடைவெளியில்தான் 1951 செப்டம்பர் 6இல் திருவனந்தபுரத்தில் 'தினமலர்' பிறந்தது. தொடங்கியபோது டி.வி.ஆருக்கு 42 வயது முடிந்து 43 நெருங்கிக்கொண்டிருந்தது. தினசரி நடத்துவது எந்த வயதிலும் பணத்தை விழுங்கும் தொழில். அந்த வயதில், மாநிலத்தின் ஆட்சிமொழி அல்லாத ஒரு மொழியில், அந்த மாநிலத்தின் தலைநகரிலேயே உட்கார்ந்து, அந்த மாநிலத்திலிருந்து பிரிந்துபோக வேண்டும் என்று கேட்கும் மக்களுக்காக ஒரு பேப்பர் தொடங்குவது என்றால் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஏன் நாகர்கோவிலில் தொடங்கவில்லை? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இதை ஒரு வருத்தமாகவே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. தலைமைச் செயலகம் இருப்பது திருவனந்தபுரத்தில். மந்திரிகள் இருப்பது அங்கே. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த தமிழ் வியாபாரிகள், கரமனைப் பக்கத்துக் குடும்பங்கள், சர்க்கார் வேலைக்குப் போன நாஞ்சில்காரர்கள் என்று தமிழ் வாசகர்களும் அங்கே நிறைய இருந்தார்கள். நாகர்கோவிலில் போட்டிருந்தால் அது எங்களுக்குள் நாங்கள் பேசிக்கொள்வதாக முடிந்திருக்கும். தலைநகரில் போட்டதால், முறையிடுகிறவனின் பேப்பரை ஆளுகிறவனும் காலையில் பார்த்தாக வேண்டியதாயிற்று.

அன்று ஒரு பக்கம் தயாராக என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பது கணினியில் பக்கம் கட்டுகிற தலைமுறைக்குத் தெரியாது. கோட்டாறில் ஒரு பழைய அச்சகத்தில் கையால் எழுத்துக் கோர்த்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாய்வாக நிறுத்திய மரக் கேஸ். அதில் சிறுசிறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஓர் எழுத்து. இடது கையில், எழுத்தை வரிசையாக நிறுத்தும் ஸ்டிக் என்ற சிறு தட்டு. வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது. எந்த அறையில் எது என்று விரலுக்கே தெரியும். எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் நிற்கும். இடது பெருவிரல் கடைசியாக விழுந்த எழுத்தை அமுக்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் வரி சரிந்துவிடும். வரி நிரம்பவில்லை என்றால் சொற்களுக்கு நடுவே ஈயத் துண்டு சொருகி இறுக்க வேண்டும். ஸ்டிக் நிறைந்ததும் 'காலி' என்ற நீளத் தட்டுக்கு மாற்றி, சணல் சுற்றிக் கட்டி, மை தடவிப் புரூஃப் எடுத்து, பிழை இருந்தால் கொறட்டால் அந்த ஒரு எழுத்தை மட்டும் பிடுங்கி மாற்ற வேண்டும். அச்சடித்து முடிந்ததும் அத்தனை எழுத்தையும் கலைத்து மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். அந்தப் பெரியவரின் பெருவிரல் நகத்துக்கு அடியில் இருந்த கறுப்பு, தொழிலை விட்டுப் பல காலம் ஆகியும் போகவில்லை. தமிழுக்குக் கேஸ் பெரிது. ணை, லை, ளை, னை எல்லாம் அன்று துதிக்கை வைத்த பழைய வடிவம். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி அறை.

இது ஒரு பக்கத்துக்கு. தினசரி என்றால் இதைத் தினமும் நடுநிசிக்குள் முடிக்க வேண்டும். செய்தித்தாள் காகிதம் அந்நாளில் முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்தது. மத்தியப் பிரதேசத்து நேபா ஆலை அந்தக் காகிதத்தைச் செய்யத் தொடங்கியது 1955இல்தான். செய்தி நிறுவனங்களின் தந்தி ஆங்கிலத்தில் வரும். உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். தமிழ் அச்சுக்கோர்ப்பவர்களைத் திருவனந்தபுரத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். இவ்வளவுக்கும் சந்தா, விளம்பரம் என்று இரண்டே வருமானம். தமிழ்த் தாலுகாக் கடைக்காரன் அந்நாளில் என்ன விளம்பரம் கொடுத்திருப்பான்?

தினமலரின் முதல் ஐந்து ஆண்டுகள் எங்கள் மாவட்டத்தின் பிறப்புக் காலம். மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்தோடு இணைப்புக் கேட்டது. 1954 தேர்தலில் அந்தக் கட்சி 12 இடங்களை வென்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11இல், பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் கூலிக்காரர்களும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளும். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் அந்த நாளைத் தங்கள் வீட்டுத் துக்கமாகவே இன்றும் பேசுகிறார்கள். மாநில எல்லைகளை மாற்றி அமைப்பதை ஆராய்ந்த பசல் அலி குழு 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின, செங்கோட்டையில் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. சேர்த்துக் கேட்டிருந்த தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை.

இணைப்பைத் தினமலர் வாங்கித் தந்தது என்று சொன்னால் அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். அதை வாங்கித் தந்தவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றவர்கள், சிறைக்குப் போனவர்கள், நேசமணியைப்போல் வழக்காடியும் வாதாடியும் அலைந்தவர்கள். பேப்பர் செய்தது வேறு வேலை, அதுவும் தேவையான வேலை. தோவாளைக்காரனுக்கும் புதுக்கடைக்காரனுக்கும் நடுவில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர். பேச்சு வேறு, சாதி வேறு, விளைச்சல் வேறு. தொடக்கத்தில் இணைப்பைப் பற்றி எல்லோருக்கும் ஒரே மனமும் இல்லை. இவர்கள் எல்லோரும் ஒரே காலையில் ஒரே செய்தியைத் தமிழில் படித்தார்கள். நாஞ்சில் நாட்டுப் பிராமணர் ஒருவர் நடத்திய பேப்பர், பெரும்பாலும் நாடார் மக்கள் தோளில் சுமந்த ஒரு போராட்டத்துக்குத் தலைநகரில் குரலாக இருந்ததை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை.

இப்போது டி.வி.ஆரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 2ஆம் தேதி காலையில் அவர் நிலைமை என்ன? கேட்டது கிடைத்துவிட்டது. எந்தக் காரணத்துக்காகப் பேப்பர் தொடங்கப்பட்டதோ அந்தக் காரணம் முடிந்துவிட்டது. வாசகர்களில் பெரும்பகுதியினர் ஒரே இரவில் பக்கத்து மாநிலத்துக்காரர்களாகிவிட்டார்கள். ஒரு கோரிக்கைக்காகப் பிறந்த பத்திரிகைகள் கோரிக்கை நிறைவேறியதும் நின்றுபோவதுதான் வழக்கம். இவர் நிறுத்தவில்லை. 1957இல் அச்சகத்தைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 80. பேப்பர் எங்களைத் தாண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. போன வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். 1910இல் ஒரு பத்திரிகையாசிரியரைப் போலீஸ் காவலோடு கொண்டுபோய் விட்ட அதே எல்லையை, 47 ஆண்டு கழித்து ஒரு பத்திரிகை தன் விருப்பத்தில் கடந்தது. இடையில் அந்த எல்லையே இல்லாமல் போயிருந்தது.

திருநெல்வேலிக்குப் போனதும் அவர் முன்னே இருந்த போட்டி சாதாரணமானதல்ல. காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய 'தந்தி' தென் மாவட்டங்களில் வேரூன்றியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியும் சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, படம். தமிழ்ப் பத்திரிகை மொழியை மாற்றியவர் ஆதித்தனார். அதில் அவருக்கு இணை யாரும் இல்லை. 'தினமணி'க்குப் படித்தவர்களின் மதிப்பு இருந்தது. மூன்றாவதாக வந்து நிற்பவன் எதைக் கொண்டு நிற்பது? டி.வி.ஆர். எடுத்துக்கொண்டது உள்ளூரை. எந்தத் தெருவில் குழாய் வரவில்லை, எந்த ஊருக்குப் பஸ் விடவில்லை, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை என்பதெல்லாம் செய்தி என்று அவர் நம்பினார். திருவனந்தபுரத்தில் ஐந்து ஆண்டு அவர் கற்றது இதுதான் என்று தோன்றுகிறது: யாரும் தன் வாசகனாக எண்ணாத ஒருவனுக்கு அவன் ஊர்ப் பெயரை அச்சில் காட்டினால் அவன் விட்டுப் போகமாட்டான்.

இதன் அருமையை என் தாத்தாவிடம், எங்கள் பக்கத்துப் பேச்சில் பாட்டாவிடம்தான், நான் கண்டேன். எங்கள் வயல் பாசனச் சானலின் கடைவரம்பில். பேச்சிப்பாறையில் அணை திறந்தாலும் மேலே உள்ள ஏலாக்கள் என்ற வயல்வெளிகள் எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு. கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல்லில் கதிர் வரும் நேரத்துக்குத் தண்ணீர் நின்றுபோகும். பாட்டாவுக்குக் கண் மங்கியிருந்தது. காலையில் சாயாக்கடையிலிருந்து பேப்பரை வீட்டுக்கு இரவல் வாங்கி வருவேன்.

"கடைவரம்பு சங்கதி போட்டிருக்கானா பாரு மக்கா."

"இல்ல பாட்டா."

"நாளைக்குப் போடுவான். நேத்து நிருபர் வந்து நின்னு பாத்துட்டுல்லா போனாரு."

ஒரு நாள் வந்தது. நான்காம் பக்கத்தில், இடது ஓரத்தில், நாலு விரல் நீளத்துக்கு. எங்கள் குளத்தின் பெயர், சானலின் பெயர், எத்தனை ஏக்கர் காய்கிறது என்பது. பாட்டா அதை என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு அந்தத் துண்டைக் கிழிக்காமல், கத்தரியால் வெட்டி, பிரமாணப் பத்திரங்கள் வைத்திருந்த தகரப் பெட்டியில் வைத்தார். சில நாளில் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். அவர் கையிலும் அதே துண்டு இருந்தது. மனு கொடுத்தபோது வராதவர். தண்ணீர் அந்த ஆண்டு வந்தது, போதுமான அளவுக்கு இல்லை. பயிர் பாதிதான் தேறியது. ஆனாலும் பாட்டா அந்தத் துண்டைத் தூக்கிப் போடவில்லை. தன் வயல் காய்வது தன் ஒருவனின் துக்கமல்ல, பொதுக் காரியம் என்று யாரோ ஒருவர் அச்சில் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

அப்படி ஒரு செய்தி பேப்பருக்குப் போகும் வழியையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பள நிருபர் மாவட்டத் தலைநகரில் ஒருவரோ இருவரோ. மற்ற ஊர்களில் பகுதிநேர நிருபர்தான். பகலில் அவருக்கு வேறு பிழைப்பு. அச்சில் வந்த நீளத்துக்கு ஏற்பக் கூலி. மாலை பஸ்ஸில் கவரைக் கொடுத்துவிடுவார். 'பத்திரிகைச் செய்தி – அவசரம்' என்று மேலே எழுதியிருக்கும். மறுமுனையில் ஓர் ஆள் வாங்கிக்கொள்வார். பஸ் நின்றுபோனால் செய்தி நின்றுபோகும். இரவில் அச்சாகி, விடிவதற்குள் கட்டுகள் வடசேரியில் இறங்கும். ஏஜெண்டுகள் தரையில் உட்கார்ந்து எண்ணுவார்கள், இணைப்பிதழைச் சொருகுவார்கள், சைக்கிள் கேரியரில் கட்டுவார்கள். குலசேகரத்துக்கும் கொல்லங்கோட்டுக்கும் முதல் பஸ். முதல் பஸ்ஸைத் தவறவிட்ட கட்டு பழைய காகிதம். டி.வி.ஆர். கட்டி எழுப்பியதில் பெரும்பகுதி இந்த மனிதச் சங்கிலிதான். தலையங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தச் சங்கிலியைப் பற்றி எழுதுவதில்லை.

குமரி மாவட்டத்துக்கு ரயில் கேட்ட கதையும் இதே வகையானது. 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எங்கள் மாவட்டத்தில் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம்கூட இல்லை. ரயில் ஏற வேண்டும் என்றால் ஒன்று திருநெல்வேலி, இல்லை திருவனந்தபுரம். நாட்டின் தென்முனை என்று பாடப்புத்தகத்தில் படித்த ஊருக்கு நாட்டின் ரயில் வரவில்லை. இந்தக் கோரிக்கையைத் தினமலர் விடாமல் எழுதியது, டி.வி.ஆர். அதைத் தம் சொந்தக் காரியமாகவே எடுத்துக்கொண்டார். 1972இல் இந்திரா காந்தி வேலையைத் தொடங்கிவைத்தார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிப் பாதை திறந்தது. 1981 ஏப்ரலில் நாகர்கோவில் – திருநெல்வேலி. இணைப்புக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில் 22 ஆண்டுகளுக்கு மேல். மாவட்டத்தை வாங்கியதைவிட மாவட்டத்துக்கு ரயில் வாங்க அதிக காலம் ஆயிற்று. முதல் வண்டி ஓடியபோது டி.வி.ஆருக்கு வயது 70. இரண்டாவது பாதை திறந்தபோது 72. ஒரே கோரிக்கையை இத்தனை ஆண்டு சலிக்காமல் அச்சடிப்பது எவ்வளவு கடினம் என்பது பத்திரிகை வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாசகன் சலித்துவிடுவான், நிருபரும் சலித்துவிடுவார். நேற்று எழுதியதையே இன்றும் எழுத மனம் வராது. போராட்டக் காலத்தில் பேப்பர் நடத்துவதைவிட இது கடினமான வேலை என்பேன். துப்பாக்கிச் சூடு நடந்தால் பேப்பர் தானாக விற்கும். ரயில் வரவில்லை என்ற செய்தி விற்காது.

திருநெல்வேலியில் காலூன்றிய பிறகு பேப்பர் வடக்கே போயிற்று. 1966இல் திருச்சி, 1979இல் சென்னை, 1980இல் மதுரை. கடைக்கோடியில் தொடங்கித் தலைநகருக்குப் போன தமிழ் நாளிதழ் என்பதே அன்று வழக்கத்துக்கு மாறானது. மற்றவை பெரிய நகரத்தில் தொடங்கிக் கீழே இறங்கின. ஆசிரியர் பொறுப்பை ஏற்ற அவர் மகன் இரா. கிருஷ்ணமூர்த்தி வேறு வார்ப்பு. சங்ககாலக் காசுகளை ஆராய்ந்தவர். 'பெருவழுதி' என்று எழுத்துப் பொறித்த பாண்டியர் நாணயத்தை ஆய்வுலகத்துக்குக் காட்டியவர். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதை நாளிதழில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. கோட்டாற்றுப் பெரியவர் காட்டிய அந்தத் துதிக்கை எழுத்துகளுக்கான அறைகள் அதன் பிறகுதான் காலியாயின. கிருஷ்ணமூர்த்தி 2021 மார்ச் 4இல் மறைந்தார். தந்தை டி.வி.ஆர். 1984 ஜூலை 21இல், 75 வயதில்.

தினமலரின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் நேர்மையாக இருக்காது. அதைவிட முக்கியமாக எனக்கொரு வருத்தம் உண்டு. அது எந்த ஒரு பேப்பரின் மேலும் இல்லை, முறையின் மேல். ஊருக்கு ஊர் பதிப்பு வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப் பக்கம் வந்தது. எல்லா நாளிதழ்களும் அதைச் செய்தன. முதலில் எங்கள் செய்தி எங்களுக்குக் கிடைத்தது. போகப்போக எங்கள் செய்தி எங்களுக்கு மட்டும் கிடைத்தது. நாகர்கோவில் பதிப்பில் நாலு பத்தி வருவது மதுரைப் பதிப்பில் நாலு வரியும் வராது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது இதை நாங்கள் அனுபவித்தோம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரையில் பெண்கள் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கணக்கு எங்கள் மாவட்டப் பக்கங்களில் தினமும் மாறிக்கொண்டிருந்தது. வெளியே அது போய்ச் சேரச் சில நாட்கள் ஆயின. குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் தமிழ்நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 1951இல் டி.வி.ஆர். பேப்பரைத் தலைநகரில் போட்டது இதே காரணத்துக்காகத்தான் என்று அந்த நாட்களில் எனக்குப் பலமுறை தோன்றியது. பாதிக்கப்பட்டவன் படித்தால் மட்டும் போதாது. முடிவெடுப்பவன் மேசையிலும் அதே பக்கம் கிடக்க வேண்டும்.

அவரைப் பற்றி ஊரில் பேச்சு வரும்போதெல்லாம் சிலை வேண்டும், தெருவுக்குப் பெயர் வேண்டும் என்பார்கள். வைத்தால் நல்லதுதான். நான் கேட்பது வேறு. 1951 செப்டம்பரிலிருந்து 1957 வரை திருவனந்தபுரத்தில் அச்சான இதழ்களைத் தேதி வரிசையில் ஒளிப்படமாக்கி, யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கும்படி வைக்க வேண்டும். நாகர்கோவில் மாவட்ட நூலகத்தில் ஒரு கணினியிலாவது திறந்து பார்க்க முடிய வேண்டும். குமரி மாவட்டம் பிறந்த ஆண்டுகளைத் தமிழில் நாள்தோறும் பதிந்து வைத்த ஆவணம் அது. போராட்டத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் தலைவர்களின் நினைவுக் குறிப்புகளையும் சட்டசபைப் பேச்சுகளையும் வைத்து எழுதுகிறார்கள். அவற்றில் தலைவர்கள் இருக்கிறார்கள். புதுக்கடையில் கடை திறந்ததா, திருவட்டாறு சந்தை கூடியதா, மார்த்தாண்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வந்தார்களா என்பதெல்லாம் தினசரியில்தான் இருக்கும். 1954 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்து இதழ்களிலிருந்து தொடங்கலாம்.